வாசகர் கேள்வி – பதில்: இறுதியாண்டுத் திட்டமும் நிறுவனத்தின் பணமும்

பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டில் செய்யும் வடிவமைப்புத் திட்டங்களுக்கு நிறுவனங்கள் பணமும் பொருளும் கொடுத்து ஆதரிப்பதைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். மாணவர்கள், பெற்றோர், தொழில் நடத்துவோர் என்று பல தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கித் தந்திருக்கிறோம். பதில் எழுதுபவர் உற்பத்தித் துறையில் நீண்ட காலம் பொறியாளராகப் பணியாற்றியவர். நிறுவனத்தின் சார்பில் மாணவர் குழுக்கள் பலவற்றுக்கு வழிகாட்டியாக இருந்தவர்.

கேள்வி: என் மகன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். அவனும் நண்பர்கள் மூவரும் செய்யும் திட்டத்துக்கு ஒரு நிறுவனம் 5,000 சிங்கப்பூர் வெள்ளி தர முன்வந்திருக்கிறது. பணம் தருவதற்கு முன்னால் மாணவர்கள் நால்வரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமாம். திட்டத்தில் உருவாகும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றும், எதையும் யாரிடமும் வெளியிடக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. கையெழுத்திடலாமா? பெற்றோராகிய நாங்களும் கையெழுத்திட வேண்டுமா? – வாசகி, செங்காங்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து, 18 வயது நிறைந்தவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தும். உங்கள் மகன் தேசிய சேவையையும் முடித்துவிட்டுப் படிக்கிறவராகத்தான் இருப்பார். ஆகவே உங்கள் கையெழுத்து தேவையில்லை. அவர் இடுகிற கையெழுத்துக்கு அவரே முழுப் பொறுப்பு என்பதால்தான், அந்தத் தாளை ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லுங்கள் என்கிறேன்.

இன்றைக்கே கையெழுத்திட வேண்டாம். அதற்காக வாய்ப்பைக் கைவிடவும் வேண்டாம். ஒப்பந்தத்தை மேற்பார்வையாளரான பேராசிரியரிடம் காட்டி, பல்கலைக்கழகத்தில் இத்தகைய ஒப்பந்தங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அவர் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். நிறுவனம் நிதியளிக்கும் திட்டங்களில் வழக்கமாகப் பல்கலைக்கழகமும் நிறுவனமும் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளும். மாணவர்களின் கடமைகள் அதையொட்டி அமையும். நிறுவனம் மாணவர்களிடம் நேரடியாகத் தனித் தாளை நீட்டுகிறது என்றால், அது பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

இனி, யாருக்குச் சொந்தம் என்ற விஷயம். ஊழியர் தம் வேலையின் பகுதியாகச் செய்யும் கண்டுபிடிப்பு முதலாளிக்குச் சேரும் என்பதைக் காப்புரிமைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மகன் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்லர், சம்பளம் வாங்கவில்லை, அங்கே வேலைக்கான ஒப்பந்தமும் அவருக்கு இல்லை. எனவே 5,000 வெள்ளி கொடுத்த காரணத்தால் மட்டும் கண்டுபிடிப்பு தானாக நிறுவனத்தின் கைக்குப் போய்விடாது. எழுதிக் கொடுத்தால்தான் போகும். அதனால்தான் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கும் அறிவுசார் சொத்தைப் பற்றிய விதிகள் உண்டு. படிப்பில் சேரும்போதே மாணவர்கள் அவற்றுக்கு உடன்பட்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தையும் கருவிகளையும் பயன்படுத்தி உருவானதன் மீது அந்த விதிகளின்படி பல்கலைக்கழகம் உரிமை கோரக்கூடிய நிலையில், அதையே முழுவதுமாக நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தால், ஒரே பொருளை இருவருக்குக் கொடுத்த சிக்கலில் மாணவன் மாட்டிக்கொள்வான்.

"திட்டத்தில் உருவாகும் அனைத்தும்" என்ற சொற்றொடரைக் கூர்ந்து பாருங்கள். உங்கள் மகன் இரண்டாம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்த மென்பொருள் துண்டு ஒன்றை இந்தத் திட்டத்திலும் பயன்படுத்துவார் என்று வைத்துக்கொள்வோம். அது திட்டத்தில் உருவானது அன்று, திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. ஏற்கெனவே இருந்தவை கொண்டுவந்தவருக்கே சொந்தம், திட்டத்தின் தேவைக்கு மட்டும் மற்றவர் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இதை நிறுவனங்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, ஏனென்றால் அந்த வரி அவர்களுடைய பழைய வரைபடங்களையும் அதே அளவுக்குப் பாதுகாக்கிறது. இன்னொன்றும் உண்டு: உரிமையை மாற்றிக் கொடுத்தாலும், காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்று தம் பெயர் குறிக்கப்படும் உரிமை அவருக்கு இருக்கிறது. வேலை தேடும் இளைஞருக்கு அந்தப் பெயர் 5,000 வெள்ளியைவிடப் பெரிது.

இரகசியம் காப்பதைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர்கள், விலைகள், உற்பத்தி முறையின் அளவுகள், வரைபடங்கள் ஆகியவற்றை வெளியிடக் கூடாது என்பது நியாயமான கோரிக்கை. "எதையும் யாரிடமும்" என்பது நியாயமில்லை. தேர்வாளர்கள் அறிக்கையைப் படித்தாக வேண்டும். துறையில் நடக்கும் கண்காட்சியில் மாணவர்கள் பேசியாக வேண்டும். நேர்முகத் தேர்வில் "இறுதியாண்டில் என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் உங்கள் மகன் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே எவை இரகசியம் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லவும், எத்தனை ஆண்டுகளுக்கு என்று கால வரம்பு வைக்கவும், தேர்வாளர்களுக்கு விலக்கு அளிக்கவும் கேளுங்கள்.

நிறுவனத்தின் அச்சத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. காப்புரிமை பெற வேண்டுமானால் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். பொதுமக்கள் வந்து போகும் கண்காட்சியில் அதன் உள்ளமைப்பை விளக்கிவிட்டால் அது வெளியிடப்பட்டதாகிவிடும். சிங்கப்பூரில், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சலுகை உண்டு. 2017 அக்டோபர் 30 முதல் அந்தச் சலுகை விரிவாக்கப்பட்டது. ஆனால் ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பொதுச் சலுகை கிடையாது. அங்கும் காப்புரிமை வேண்டும் என்று நினைக்கும் நிறுவனம், கண்காட்சிக்கு முன்பே விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துவிட வேண்டும். மாணவர்களின் வாயை என்றென்றைக்கும் கட்டுவதற்குப் பதில், "கண்காட்சித் தேதிக்கு ஆறு வாரம் முன்னால் சுவரொட்டியின் வரைவை உங்களுக்கு அனுப்புகிறோம், நீங்கள் விண்ணப்பிக்க விரும்பினால் அதற்குள் விண்ணப்பியுங்கள்" என்று எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

கேள்வி: நிதியளிக்கும் நிறுவனம் படிப்பு முடிந்ததும் வேலையும் கொடுக்குமா? – வாசகர், பிடோக்

பதில்: அப்படி ஒரு கடமை நிறுவனத்துக்கு இல்லை. வேலை கிடைப்பதும் உண்டு, கிடைக்காமற்போவதும் உண்டு. வேலைக்காகவே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், பிடிக்காத பொருளோடு ஓராண்டு கட்டுண்டு கிடக்க நேரும்.

கேள்வி: துவாசில் 22 பேர் வேலை செய்யும் இயந்திரப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆலோசகரை அமர்த்துவதைவிட மாணவர்களின் திட்டத்துக்கு நிதி கொடுத்தால் மலிவாக வேலை முடியும் என்கிறார் ஒரு நண்பர். எவ்வளவு கொடுக்க வேண்டும்? எனக்கு என்ன கிடைக்கும்? வரிச்சலுகை உண்டா? – வாசகர், துவாஸ்

பதில்: முதலில் உங்கள் நண்பரின் கணக்கைச் சரிபார்ப்போம். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்கு 13 பாட வாரங்கள். இரண்டு பருவங்களுக்கு 26. ஒரு மாணவர் வாரத்துக்கு 10 மணி நேரம் உழைத்தால் 260 மணி நேரம், நால்வர் குழு உழைத்தால் 1,040 மணி நேரம். பார்க்கப் பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த 1,040 மணி நேரத்தில் கணிசமான பங்கு உங்கள் தொழிலைப் புரிந்துகொள்வதற்கும், தவறான வழியில் போய்த் திரும்புவதற்கும், அறிக்கை எழுதுவதற்கும் போகும். அது வீணன்று; அவர்கள் படிக்க வந்தவர்கள். குறித்த நாளில், குறித்த தரத்தில், உத்தரவாதத்தோடு ஒரு கருவி வேண்டுமென்றால் ஆலோசகரையோ இயந்திரம் செய்து தருபவரையோதான் நீங்கள் நாட வேண்டும். மாணவர்களிடமிருந்து கிடைப்பது வேறு வகையானது: நீங்கள் பல வருடங்களாகப் பழகிப்போன ஒரு தொல்லையைப் புதிய கண்களால் பார்த்து, அளந்து, இரண்டு மூன்று வழிகளை ஒப்பிட்டு, அவற்றில் ஒன்றை முன்மாதிரி வரைக்கும் செய்து காட்டுவார்கள். அதை முழுமையான கருவியாக்குவது அதற்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டியது.

தொகை ஒவ்வொரு கல்விக்கூடத்திலும் வேறுபடும். சில இடங்களில் குறிப்பிட்ட கட்டணம் வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் செய்பொருள் செலவை மட்டும் கேட்கிறார்கள். நேரில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்களிடம் பணத்தைவிட மதிப்புள்ளது ஒன்று இருக்கிறது, அது உங்கள் பட்டறை. உணரிகளையும் மின்னணு உதிரிகளையும் மாணவர்கள் சிம் லிம் டவரில் தேடிப் பிடித்துவிடுவார்கள். துல்லியமாகக் கடைந்தெடுத்த ஓர் அலுமினியப் பிடிப்பானுக்கோ ஆய்வுக்கூடத்தின் வரிசையில் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். நீங்கள் அதை ஒரே பிற்பகலில் செய்து கொடுத்தால் திட்டத்துக்கு ஒரு மாதம் மிச்சமாகும்.

அதைவிடவும் முக்கியமானது, உங்கள் பட்டறையிலிருந்து அனுபவமுள்ள ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இந்தக் குழுவுக்கு ஒதுக்குவது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் ஏறக்குறைய 26 மணி நேரம்தான். பணத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காத நிறுவனங்கள் கடைசியில் அலமாரியில் தூங்கும் அறிக்கையைத்தான் பெற்றிருக்கின்றன. நிதி குறைவாகக் கொடுத்து, வாரந்தவறாமல் மாணவர்களோடு உட்கார்ந்து பேசிய சிறு நிறுவனங்கள் பயன்படக்கூடிய ஒன்றைப் பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் இல்லையென்றால், இந்த ஆண்டு நிதியளிக்க வேண்டாம். ஆள் கிடைக்கும் ஆண்டில் செய்யுங்கள்.

அடுத்தது சிக்கலைத் தேர்ந்தெடுப்பது. "எங்கள் பட்டறையை நவீனமாக்குங்கள்" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. முதன்முதலில் மாணவர் குழுவுக்குப் பொறுப்பேற்றபோது நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். முதல் பருவம் முழுவதும் அவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்ததற்கு என் எழுத்தே காரணம். உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கணினி வழி இயங்கி உலோகத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரங்களில், சூட்டைத் தணிக்கத் தண்ணீரில் கலந்து ஊற்றும் திரவமான கூலண்டின் அடர்த்தி, வகையைப் பொறுத்து, பெரும்பாலும் 5 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியானால் அடர்த்தி ஏறி, வேலை செய்பவரின் தோலில் எரிச்சல் உண்டாகும். குறைந்ததென்று வெறுந்தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் அடர்த்தி இறங்கிப் பாகங்களில் துரு பிடிக்கும். கிருமி பெருகித் திங்கட்கிழமை காலையில் தொட்டி நாறும். இதை அளக்க, ஒளி விலகுவதைக் கொண்டு அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணால் கோட்டைப் பார்க்கிறோம். இயந்திரத்தின் தடங்களில் பூசும் எண்ணெய் கலந்துவிட்டால் அந்தக் கோடும் மங்கிவிடுகிறது. "எங்களிடம் 12 தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடர்த்தியையும் ஆள் போய் எடுக்காமல் தினமும் ஒரு முறை அறிய வேண்டும். எண்ணெய் கலந்தாலும் அளவு பிசகக் கூடாது. ஒரு தொட்டிக்கு இத்தனை வெள்ளிக்கு மேல் செலவாகக் கூடாது" என்று எழுதிக் கொடுங்கள். இதில் இயற்பியல் இருக்கிறது, மின்னணுவியல் இருக்கிறது, செலவு இருக்கிறது, வேலை செய்பவரின் உடல்நலமும் இருக்கிறது. வெற்றியா தோல்வியா என்பதையும் அளந்து சொல்லிவிடலாம். அதோடு, திட்டம் தாமதமானாலும் உங்கள் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய சரக்கு நிற்காது. நாளைய உற்பத்தி நம்பியிருக்கும் வேலையை ஒருபோதும் மாணவர் திட்டமாகக் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் ஆபத்து, அவர்களுக்கும் தாங்க முடியாத சுமை.

எங்கே போய்க் கேட்பது என்றால், 2012இல் முதல் மாணவர்களைச் சேர்த்த சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுத் திட்டமே பெரும்பாலும் நிறுவனங்களோடு சேர்ந்து நடக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு துறை மாணவர்கள் இருப்பார்கள் என்பதால், மேலே சொன்ன கூலண்ட் போன்ற கலப்புச் சிக்கல்களுக்கு அது பொருத்தம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் துறைப் பேராசிரியர் ஒருவரின் ஆர்வத்தைப் பெறுவதே முதல் படி. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பல பட்டப்படிப்பு மாணவர்கள் எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை நிறுவனங்களிலேயே வேலை செய்து படிக்கிறார்கள். மாணவர் உங்கள் பட்டறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விரும்பினால் அங்கே கேளுங்கள். கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்குகிறது. ஜூலையில் தொலைபேசியில் அழைத்தால் தலைப்புகள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆண்டின் தொடக்கத்திலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

வரி விஷயத்தில் இரண்டு வெவ்வேறு வழிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தகுதி பெற்ற பொது அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 2026 இறுதி வரை 250 விழுக்காடு வரிக் கழிவு உண்டு; அதாவது, கொடுத்த தொகையின் இரண்டரை மடங்கை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் பதிலுக்குத் திட்டத்தின் முடிவையும் உரிமையையும் நீங்கள் பெற்றுக்கொண்டால் அது நன்கொடையாகாது. 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழில்நிறுவனப் புத்தாக்கத் திட்டம் இன்னொரு வழி. பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட பிற பங்காளிகளோடு செய்யும் புத்தாக்கத் திட்டங்களுக்கு, 2024 முதல் 2028 வரையிலான கணக்கீட்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு 50,000 வெள்ளி வரையிலான செலவின் 400 விழுக்காட்டை அதேபோல் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இலாபம் குறைவாக உள்ள நிறுவனங்கள், உள்ளூர் ஊழியர் எண்ணிக்கை உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தகுதியுள்ள செலவின் ஒரு பங்குக்குக் கழிவுக்குப் பதில் ரொக்கம் பெறவும் வழி இருக்கிறது. உங்கள் குறிப்பிட்ட திட்டம் இதற்குள் வருமா என்பதை, கையெழுத்திடுவதற்கு முன்பே கல்விக்கூடத்திடமும் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடமும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் திட்டத்துக்கு நிதியளிக்கும் நிறுவனத்தின் பொறியாளர் ஏழு வாரங்களாக எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னால் புகார் செய்தது போல் ஆகிவிடுமோ என்று தயங்குகிறோம். என்ன செய்வது? – மாணவி, கிளமெண்டி

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏழு வாரம் என்பது ஒரு பருவத்தில் பாதிக்கு மேல். இன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். நடந்ததை உரியவரிடம் தெரிவிப்பது புகார் ஆகாது.

அந்தப் பொறியாளருக்கு உங்கள் மீது அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உற்பத்திக்கூடத்தில் ஒரு இயந்திரம் நின்றுபோனால் அவருடைய அந்த வாரம் அதிலேயே கரைந்துவிடும். "ஏதேனும் தகவல் உண்டா ஐயா?" என்று கேட்கும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது, அதனால் தள்ளிப் போடுகிறார். அவர் யோசிக்க வேண்டிய அளவைக் குறைத்து எழுதுங்கள். ஒரே பக்கத்தில், இதுவரை செய்தது இது, இப்போது முடிவு செய்ய வேண்டியது இது, எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் அந்த வழியிலேயே தொடர்கிறோம் என்று எழுதி, மேற்பார்வையாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நாளைக்கு யாராவது "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் அந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும். அவர் பேசத் தொடங்கியதும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் என்று நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வர முடியாத நாளில் யாரிடம் கேட்பது என்று இன்னொரு பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

அப்படியும் பதில் வராவிட்டால், நிறுவனத்தின் தரவு இல்லாமலே செய்து முடிக்கக்கூடிய அளவுக்குத் திட்டத்தின் எல்லையை மாற்றியமைக்க மேற்பார்வையாளரால் முடியும். மதிப்பெண் கொடுப்பது பல்கலைக்கழகம். நிறுவனத்தின் மௌனத்துக்காக உங்கள் மதிப்பெண் குறைய வேண்டியதில்லை. ஆனால் மௌனம் தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது குறிப்பேட்டில் தேதியோடு இருக்க வேண்டும்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும் இத்தகைய ஆதரவு கிடைக்குமா? – மாணவர், யீஷூன்

பதில்: கிடைக்கும். ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டில் திட்டம் செய்கிறார்கள். அவற்றில் நிறுவனங்களிடமிருந்து வரும் சிக்கல்களும் உண்டு. சிறு நிறுவனங்களுக்கு என் முதல் பரிந்துரையே அங்கே போய்க் கேளுங்கள் என்பதுதான், ஏனென்றால் கையால் செய்து பார்க்கும் பழக்கம் அந்த மாணவர்களிடம் அதிகம். நீங்கள் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால், எந்த ஒப்பந்தத்திலும் பெற்றோருக்குத் தெரியாமல் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பல்கலைக்கழகம் நிறுவனங்களிடம் பணம் வாங்கி, அவர்களுடைய வேலையை மாணவர்களைக் கொண்டு செய்விப்பது கல்வியை விலைபேசுவதாகாதா? – வாசகர், தோ பாயோ

பதில்: மதிப்புக்குரிய ஐயா, உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். அது நியாயமானது. ஆனால் இந்த முறை எதற்காகத் தோன்றியது என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் கிளேர்மாண்ட் நகரிலுள்ள ஹார்வி மட் கல்லூரி 1963ஆம் ஆண்டில் "கிளினிக்" என்ற பெயரில் இதைத் தொடங்கியது. மருத்துவ மாணவர் நோயாளியின் அருகில் நின்று கற்பதைப்போல், பொறியியல் மாணவரும் உண்மையான சிக்கலின் அருகில் நின்று கற்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பாடநூலில் வரும் கணக்குக்குத் தேவையான எண்கள் எல்லாம் கணக்கிலேயே கொடுக்கப்பட்டிருக்கும்; விடையும் ஒன்றுதான். பட்டறையில் வரும் கணக்கில் பாதி எண்கள் இருக்காது, இருப்பவற்றில் சில தவறாக இருக்கும், விடைகள் பலவாக இருக்கும், அவற்றில் மலிவானது பராமரிக்கக் கடினமாக இருக்கும். இதை வகுப்பறைக்குள் செயற்கையாக உருவாக்குவது மிகவும் கடினம் என்பதை ஆசிரியரான நீங்களே அறிவீர்கள்.

பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1989இல் உருவான வாஷிங்டன் உடன்பாட்டில், சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகம் 2006இல் இணைந்தது. பட்டம் பெறுகிறவர் சிக்கலான பொறியியல் பிரச்சினைகளுக்குத் தீர்வு வடிவமைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், பொது மக்களின் நலத்தையும் பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் எண்ணிப் பார்க்கக் கூடியவராக இருக்க வேண்டும் என்று அந்த உடன்பாடு எதிர்பார்க்கிறது. இறுதியாண்டுத் திட்டத்துக்கு இவ்வளவு எடை கொடுக்கப்படுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எங்கே விலைபேசுதல் தொடங்குகிறது என்று கேட்டால், மூன்று இடங்களில் என்பேன். பணம் கொடுத்தவர் மதிப்பெண்ணில் கை வைக்கும்போது. ஊழியரை வைத்துச் செய்ய வேண்டிய அன்றாட வேலை திட்டம் என்ற பெயரில் மாணவர் தலையில் ஏற்றப்படும்போது. பணம் கொண்டுவராத சிக்கல்களுக்கு இடமே இல்லாமற்போகும்போது. முதல் இரண்டையும் நல்ல மேற்பார்வையாளர் ஒருவரால் தடுக்க முடியும். நிறுவன வழிகாட்டியின் கருத்தைக் கேட்டுக்கொண்டு, மதிப்பெண்ணைத் தாமே தீர்மானிப்பார். மாணவர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாத தலைப்பைத் திருப்பி அனுப்புவார்.

மூன்றாவதுதான் எனக்கும் கவலை தருகிறது. நடுங்கும் கையோடு உணவு உண்ணப் போராடும் முதியவருக்கு ஒரு கரண்டி வடிவமைக்க எந்தத் தொழிற்சாலையும் நிதியளிக்க வராது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் நடைபாதையில் சக்கர நாற்காலி தடுக்குகிற அந்தச் சிறு படிக்கும் ஆதரவாளர் கிடையாது. அதனால், தாதிமை இல்லங்களும் தொண்டூழிய அமைப்புகளும் பணம் இல்லாமலே சிக்கலை மட்டும் கொண்டுவர ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிதியளிக்கும் நிறுவனங்களிடமும், தங்கள் திட்டத்தோடு அத்தகைய ஒரு திட்டத்தின் செய்பொருள் செலவையும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கலாம். கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். துறை சார்ந்த ஆலோசனைக் கூட்டங்களுக்கு உங்களைப் போன்றவர்கள் அழைக்கப்படும்போது இந்தக் கேள்வியைத் தயங்காமல் எழுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் செய்த முன்மாதிரி கடைசிச் சோதனையில் வேலை செய்யவில்லை. நிறுவனம் 4,000 வெள்ளி கொடுத்திருக்கிறது; குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? மதிப்பெண் குறையுமா? அறிக்கையில் இதை எப்படி எழுதுவது? – மாணவர், பொங்கோல்

பதில்: தம்பி, ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கருவியைத் தருவோம் என்று யாரேனும் உறுதி கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மாணவர் திட்டங்களில் பொதுவாக அப்படிப்பட்ட உறுதி கொடுப்பதில்லை. முயற்சி செய்வோம், அறிக்கை தருவோம் என்றுதான் இருக்கும். அப்படியானால் முறையாகச் செலவழித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. செலவாகாமல் மீந்த தொகையையும், வாங்கிய கருவிகளையும் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் சொல்லியிருப்பதன்படி ஒப்படைத்துவிடுங்கள். ரசீதுகளை ஒன்றுவிடாமல் சேர்த்துக் கொடுங்கள்.

மதிப்பெண், நீங்கள் சிக்கலை எப்படி ஆராய்ந்தீர்கள், ஏன் அந்த வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்பதற்குத்தான் முதன்மையாக வழங்கப்படுகிறது. தோல்வியை மறைத்து எழுதிய அறிக்கையில் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டாலே உண்மை வெளியே வந்துவிடும். அப்போதுதான் மதிப்பெண் குறையும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் நிறுவனத்தின் சார்பில் பொறுப்பேற்றிருந்த ஒரு குழு, எஃகுத் தகடுகளை உறிஞ்சித் தூக்கும் பிடிப்பான் ஒன்றைச் செய்தது. சுத்தமான தகட்டில் அருமையாக வேலை செய்தது. எங்கள் பட்டறையின் எண்ணெய் படிந்த தகட்டில், செங்குத்தாகத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் நகர்த்தியதும் வழுக்கி விழுந்தது. அந்த மாணவர்களும் உங்களைப்போலவே சோர்ந்துபோனார்கள். ஆனால் அறிக்கையின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள்: எவ்வளவு எண்ணெய், எந்த வகை உறிஞ்சுகுவளை, எவ்வளவு வேகத்தில் நகர்த்தினால் வழுக்குகிறது என்று ஒவ்வொரு சோதனையையும் தேதியோடு பதிவு செய்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வேலைக்கு நாங்கள் ஒரு இயந்திரம் வாங்கியபோது, விற்க வந்தவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் எழுதினோம்.

ஆகவே உங்கள் கடைசிச் சோதனையின் அளவுகளைச் சுருக்காமல், திருத்தாமல் பின்னிணைப்பில் சேருங்கள். எந்த நிலையில் வேலை செய்தது, எந்த நிலையில் நின்றது, காரணம் என்று நீங்கள் கருதுவது என்ன, இன்னும் ஆறு வாரம் கிடைத்திருந்தால் முதலில் எதை மாற்றியிருப்பீர்கள் என்று எழுதுங்கள். வேலை செய்யாத முன்மாதிரியையும் தூக்கி எறியாமல், எந்தப் பாகம் பழுதானது என்று குறித்த சீட்டை அதில் கட்டி, வரைபடக் கோப்புகளோடும் மென்பொருளோடும் சேர்த்து நிறுவனத்தின் பொறியாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.